மருந்துண்ணும் மனம்

நோய் தீர மருந்து வேண்டும் என்பதை அறியாதார் இலர். மருந்து கைக்கு வந்த பின்னரும் அதனை உண்பதற்கு ஒரு மனம் வேண்டும் என்பதையோ, வைத்திய நூல் கற்பாருள்ளும் சிலரே ஊன்றி எண்ணுகின்றனர். வைத்தியர் சீட்டு எழுதுகின்றார்; மருந்துச்சாலையில் மாத்திரை கிடைக்கின்றது; நோயாளி அதனை மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்புகின்றார். அதன்பின் நிகழ்வது யாது? அம்மாத்திரை எரவாணத்தில் செருகப்பட்டுக் கிடப்பதும், நான்கு நாள் உண்டு ஐந்தாம் நாள் மறக்கப்படுவதும் யாவரும் கண்டனவே. காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே மருந்தை நிறுத்தியதில்லை என்று நம்முள் எத்தனை பேர் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல இயலும்? செல்வமும் கல்வியும் மிக்க நாடுகளிலும், நெடுநாள் நோய்க்கு விதித்த மருந்தை மக்கள் விதித்தவாறு உட்கொள்வது சராசரியாகப் பாதியளவே என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. ஆகவே இக்குறை ஒரு சாதியார்க்கோ ஓர் ஊரார்க்கோ உரியதன்று. மக்கள் மனத்திற்கே உரியது.

இதனை முதற்கண் கூறவேண்டியதற்குக் காரணம் உண்டு. வேலூருக்குத் தெற்கே, திருப்பத்தூருக்குக் கிழக்கே, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களிலும் கால்பரப்பிக் கிடக்கும் ஜவ்வாது மலையைப் பற்றிப் பேசுங்கால், அடிவாரத்து ஊர்களில் ஒரு சொல் எளிதாக எழும்: "மலைமேல் உள்ளவர்கள் சொன்ன சொல் கேளார், மருந்து கொடுத்தாலும் தின்னார்" என்பதே அது. படித்தவர் வாயிலும் இதனை யாம் கேட்டிருக்கின்றோம். இக்குற்றச்சாட்டு மெய்தானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வைத்தியராகவும் செவிலியராகவும் ஆசிரியராகவும் நாளை இம்மலைமீது ஏறக்கூடிய மாணவர்க்கு இவ்வாராய்ச்சி வீண்போகாது.

ஜவ்வாது மலையில் வாழ்வோருட் பெரும்பாலார் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கண்டு அவரைச் சேர நாட்டவர் என்று மயங்கற்க. அவர் மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர் என்று அவர் கூறிக்கொள்வர். சாமை முதலிய சிறுதானியம் விளைத்தும், தேன், புளி, கடுக்காய் முதலியவற்றைத் திரட்டியும் வாழ்வர்; விளைச்சல் ஒழிந்த காலத்தில் கூலிவேலைக்காக மலையிறங்கி வெளியூர் செல்வர். ஊர்கள் சிறியன, ஒன்றற்கொன்று சேய்மையில் உள்ளன. ஒன்றியத்தின் தலைமையிடம் ஜமுனாமரத்தூர். இதே மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி ஒன்று நிறுவப்பெற்று, 1986-ல் வானநூலறிஞர் வைணு பாப்புவின் பெயரால் விளங்கலாயிற்று. எத்தனையோ கோடி காவதத்திற்கு அப்பாலுள்ள விண்மீனை இம்மலையிலிருந்து காணலாம். ஆயின் அடுத்த குன்றின் ஊரிலிருந்து ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொணரத் தூளி கட்டித் தோளிற் சுமந்த காலம் இன்னும் பழங்கதையாகிவிடவில்லை.

இம்மலையார் சொற்கேளாதவரா? அங்ஙனம் கூறுவார் பத்தியம் என்னும் ஒன்றை மறந்தனர். நாட்டு வைத்தியர் மருந்து கொடுக்குங்கால் புளி கூடாது, நல்லெண்ணெய் கூடாது, மீன் கூடாது, இத்தனை நாள் தலைமுழுகலாகாது என்று விதிப்பார். நாவிற்கும் பழக்கத்திற்கும் மாறான அவ்விதிகளை நாற்பது நாளும், மண்டலக் கணக்காகவும் ஏழை மக்கள் பிழையாமல் காத்திருக்கின்றனர். மாத்திரை ஒன்றை விழுங்குதலினும் அது பன்மடங்கு அரிது. ஒரு கை நீரோடு முடியும் செயலை விடுகின்ற ஒருவரே, உப்பில்லாச் சோற்றை நாள்தோறும் உண்கின்றார் எனின், அவர்பால் மனவுறுதி இல்லை என்று எவ்வாறு சொல்வது? உறுதி உளது, அதனைத் தூண்டும் முறை நம்பால் இல்லை என்பதே பொருந்தும்.

பத்தியத்தில் அமைந்துள்ள உளநூல் நுட்பங்களைச் சற்றே நின்று நோக்குவோம். முதலாவது, பத்தியத்திற்கு எல்லை உண்டு. தொடங்கும் நாளும் முடியும் நாளும் நோயாளிக்குத் தெரியும். இரண்டாவது, வீடு முழுவதும் அதில் பங்கு கொள்கின்றது. பத்தியக்காரருக்கென்று தனிச் சட்டி அடுப்பேறும்; மனைவியோ தாயோ அதனை மறக்க விடார். மேலும், விலக்கிய பொருள் ஒவ்வொன்றற்கும் சூடு, குளிர்ச்சி, வாயு என்று நோயாளி தானே விளங்கிக்கொள்ளக்கூடிய காரணம் ஒன்று சொல்லப்படுகின்றது. அக்காரணம் இன்றைய நூலோடு பொருந்துமா என்பது வேறு வினா. காரணம் ஒன்று தன் மொழியில் கிடைத்தது என்பதே மனத்திற்குப் பெரிது. இனி நமது மருந்துச்சாலை யன்னலைப் பாருங்கள். "காலை ஒன்று, மாலை ஒன்று, அடுத்தவர் வரலாம்" என்பதோடு உரையாடல் முடிந்துவிடுகின்றது. எல்லையும் இல்லை, வீடும் இல்லை, காரணமும் இல்லை.

உளநூல் பேசப்புகுமுன் ஒன்று சொல்லிவிடுதல் நேர்மை. எல்லாத் தவறுதலும் மனத்தின்பாற்பட்டதன்று. 2023 மே மாதத்தில் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய ஒரு குழந்தை, தக்க சாலையின்மையால் உரிய காலத்தில் சிகிச்சை பெறாது இறந்ததையும், அவ்வுடலைப் பெற்றோர் கையிற் சுமந்து மலையேற நேர்ந்ததையும் நாளிதழ்களிற் படித்தோம். அத்தகைய இடத்தில் "ஏன் விரைந்து வரவில்லை?" என்று வினவுதல் கொடிது. சாலைக் குறையை மனக் குறையாக எண்ணுவது வைத்தியருக்கு எளிதில் வரும் மயக்கம். வரச்சொன்ன நாளில் ஒருவர் வாராவிடின், வழி எவ்வளவு, பேருந்து எத்தனை மணிக்கு, அன்றைக் கூலி போனால் வீட்டில் உலை ஏறுமா என்பனவற்றைக் கேட்டறிந்த பின்னரே மனத்தைப் பற்றி ஆராயத் தொடங்கல் வேண்டும்.

வழியும் மருந்தும் உளவாய பின்னும் மனம் பின்வாங்குவது ஏன்? 1950-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணியில் இருந்த ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய உளநூலறிஞர் இவ்வினாவை எடுத்துக்கொண்டனர். காசநோயைக் கண்டறிய மார்பைப் படமெடுக்கும் வசதி இலவசமாகக் கிடைத்தும் பலர் வந்திலர். ஆராய்ந்தபோது, மக்கள் தம்முள் ஒரு துலாக்கோலைப் பிடித்திருத்தல் புலனாயிற்று. இந்நோய் எனக்கு வருமா, வந்தால் பெருங்கேடா, இம்மருந்தால் பயன் உண்டா, அதற்காக யான் இழப்பது எவ்வளவு என்பன அத்துலாக்கோலின் எடைகள். வைத்தியர் தம் துலாக்கோலில் நிறுத்துச் சொல்கின்றார். நோயாளி தம்முடையதில் நிறுத்துப் பார்க்கின்றார். இரண்டும் ஒவ்வாதபோது நாம் அதற்குச் சொற்கேளாமை என்று பெயரிட்டுவிடுகின்றோம்.

காசநோயையே எடுத்துக்கொள்வோம். இன்றைய முறையில், மருந்துக்கு அடங்கும் காசத்திற்குச் சிகிச்சை ஆறு மாதம். இரண்டு மாதம் செல்வதற்குள்ளேயே பெரும்பாலார்க்கு இருமல் தணிந்து, பசி எழுந்து, உடல் தேறிவிடும். அந்நிலையில் நோயாளியின் துலாக்கோல் சாய்ந்துவிடுகின்றது. நோய் போயிற்று, மாத்திரையின் குமட்டல் மட்டும் எஞ்சியது என்று அவர் கணக்கிடுவது அறிவின்மையன்று, கண்ணாற் கண்டதைக் கொண்டு கணிக்கும் இயற்கை. அவர் காணாதது யாதெனின், உள்ளே அடங்கிக் கிடக்கும் கிருமிகள். இதனைச் சொல்லக் கிருமிநூல் வேண்டியதில்லை. சாமைக்கொல்லையில் களையின் தலையைக் கொய்து வேரை விட்டால் அடுத்த மழைக்கு என்ன ஆகும் என்று கேட்டால், விடையை அவரே சொல்லுவார். விட்டுவிட்டு உண்ட மருந்திற்குக் கிருமி பழகிப்போய், பின்னர் அம்மருந்தே பயன்படாமற் போகும் என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

முன்னறிவித்தல் என்பதும் இங்கே இன்றியமையாதது. காசத்திற்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் என்னும் மருந்து சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். கருவுற்ற மகளிர்க்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். இவை தீங்கற்றவை என்று முன்னரே சொல்லியிருந்தால், நிறமாறுதல் கண்ட நோயாளி, "அவர் சொன்னபடியே ஆயிற்று" என்று தெளிவார். வைத்தியர்பால் நம்பிக்கையும் கூடும். சொல்லாது விட்டாலோ, முதல்நாளே இரத்தம் போகின்றதென்று அஞ்சி மாத்திரையைக் குப்பையில் எறிவார். அண்டை வீட்டாரும் எறிவர். ஒரு நொடியிற் சொல்லி முடிக்கத்தக்க ஒரு வாக்கியம் ஆறு மாதச் சிகிச்சையைக் காக்கவும் கெடுக்கவும் வல்லதாகின்றது.

சொன்னது நினைவில் நிற்கின்றதா என்பது அடுத்த வினா. பிரித்தானிய உளநூலறிஞர் பிலிப் லே என்பார் பல ஆண்டுகள் இதனை ஆராய்ந்து, வைத்தியர் சொல்லியவற்றிற் பெரும்பகுதி நோயாளி வெளியேறுமுன்னரே மறக்கப்படுகின்றது என்றும், முதலிற் சொன்னதும் இன்றியமையாதது என்று நோயாளி கருதியதுமே நிற்கின்றன என்றும் கண்டார். நம்மவர் வழக்கமோ நோயின் பெயர், அதன் வரலாறு, அச்சுறுத்தல் யாவற்றையும் முதலிற் சொல்லி, மருந்துண்ணும் முறையைக் கடைசியில் வாயிற்படியில் நின்று சொல்வது. அன்றியும், "மூன்று வேளை உணவுக்குப் பின்" என்று இருவேளையே உலை வைக்கும் வீட்டாரிடம் விதித்தால், அவர் எந்த வேளையை எண்ணுவார்? மணிக்கணக்கும் அவ்வாறே. ஆடு அவிழ்க்கும் பொழுது, விளக்கேற்றும் பொழுது என்று அவர் நாளிலேயே நாள்தோறும் தவறாது நிகழும் ஒரு செயலோடு மாத்திரையைப் பிணைத்துவிடல் வேண்டும். பழக்கத்தில் தொங்கவிட்ட பொருளை மனம் எளிதில் தவறவிடாது.

கேட்டவர் உணர்ந்தாரா என்று அறிய ஒரு வழி உண்டு. "புரிந்ததா?" என்று கேளற்க. அவ்வினாவிற்கு மலையிலும் சமவெளியிலும் ஒரே விடைதான், தலையசைப்பு. செவிலி ஒருவர் மலையூர்த் தாய் ஒருவரிடம், "அம்மா, நான் சரியாகச் சொன்னேனோ என்று எனக்கே ஐயமாக இருக்கிறது. வீட்டிற்குப் போனதும் உங்கள் மாமியாரிடம் இந்த மருந்தைப் பற்றி எப்படிச் சொல்வீர்கள்? எனக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்பாராயின், சோதிக்கப்படுவது தாயின் அறிவன்று, செவிலியின் சொல் என்பது இருவர்க்கும் தெளிவாகிவிடும். மாமியார் பெயரை எடுத்ததும் வீணன்று. மலையூர் வீட்டில் மருகியின் மாத்திரையை முடிவு செய்பவர் பல நேரங்களில் மாமியாரே.

இனி, நமது நாட்டிலேயே, நமது மாநிலத் தலைநகரிலேயே இப்பொருள் பற்றி நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியைக் கூறுவோம். உலகம் முழுவதும் இதனைக் கற்றுக்கொண்டது. 1956-ல் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிக் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவின. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கினாற்போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாரைச் சானடோரியத்தில் வைத்து நல்லுணவும் ஓய்வும் தந்து சிகிச்சை செய்தனர். மற்றையோர்க்கு நெருக்கமான அவர்தம் ஏழைக் குடில்களிலேயே அதே மருந்தைத் தந்தனர். ஓராண்டு சென்று பார்த்தபோது இரு பிரிவாரும் பெற்ற பயனிற் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வீட்டிலிருந்தவரின் சுற்றத்தார்க்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் இம்முடிவு வெளிவந்தது. சானடோரியம் என்னும் நெடிய மாளிகைகளின் காலம் முடியத் தொடங்கியது அன்றிலிருந்து எனலாம்.

யாம் எடுத்துக்காட்ட விரும்புவது வேறொரு பகுதி. வீட்டில் மருந்துண்பவர் மெய்யாகவே உண்கின்றாரா என்பதை அந்நிலையத்தார் ஊகத்திற்கு விடவில்லை. சொல்லாமல் வீட்டிற்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர்; சிறுநீரைச் சோதித்தனர். ஆய்வை நடத்திய வாலஸ் பாக்ஸ் என்பார், தாமே மருந்துண்ணுமாறு நோயாளியிடம் விட்டுவிடுதலே சிகிச்சையின் பெருஞ்சிக்கல் என்று 1958-லேயே எழுதினார். பின்னர் அந்நிலையத்திலேயே வாரம் இருமுறை, பணியாளர் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்து, நாள்தோறும் தானே உண்ணும் முறைக்கு அது தாழ்ந்ததன்று என்று 1964-ல் காட்டினர். கண்ணெதிரே மருந்துண்பித்தல் என்னும் முறை இவ்வாறு வேரூன்றிப் பின்னர் உலகெங்கும் பரவி, 1997-ல் தொடங்கிய திருத்திய தேசியக் காசநோய்த் திட்டத்தின் வழியாக மீண்டும் நம் ஊர்களுக்கே வந்து சேர்ந்தது.

ஆயின் இங்கே ஒரு நுட்பம். பல நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஆராய்ந்தோர், கண்ணெதிரே விழுங்கச் செய்தல் என்பது ஒன்றினால் மட்டும் குணமடைவோர் தொகை மிகுந்ததாகத் தெரியவில்லை என்றனர். சென்னையில் பயன் தந்த முறை பிறவிடங்களில் ஏன் சிறக்கவில்லை? எமது கருத்து இது: காவல் வேறு, துணை வேறு. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்பவற்றோடு உழைச்செல்வான் என்று ஒருவனையும் சேர்த்தெண்ணினார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைப் பிழையாது இயற்றுபவன் என்பது பொருள். எதிரே நிற்பவன் அல்லன், பக்கத்தே நிற்பவன் என்பதைக் கருதுக. மருந்தை விழுங்கினாயா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவரும், "குமட்டுகிறதா? கூழ் குடித்தபின் போட்டுப் பார்" என்று சொல்லிக் கூட அமர்பவரும் ஒரே மாத்திரையைத்தான் கொடுக்கின்றனர். முன்னவரைக் கண்டால் நோயாளி கொல்லைப்புறம் போய்விடுவார்.

காவலுக்கும் துணைக்கும் உள்ள வேறுபாடு ஒரு கேள்வியிலேயே வெளிப்படும். நோயாளிகள் மருந்துண்டதைப் பற்றிப் பொய் சொல்வர், அதனைக் கவனித்திரு என்று யவன நாட்டு ஹிப்போக்ராத்திஸ் பெயரால் வழங்கும் நூலிலேயே வைத்தியருக்கு எச்சரிக்கை உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நாம் அப்பொய்யைக் கவனித்து வருகின்றோமேயன்றி, அதனை விளைப்பது நமது கேள்வியே என்பதைக் கவனித்திலேம். "ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால், இல்லை என்பதற்கு எவர்க்கு நா எழும்? "நாள்தோறும் மாத்திரை போடுவது எல்லார்க்கும் கடினம்தான், போன வாரம் எத்தனை நாள் தவறியிருக்கும் ஐயா?" என்று கேட்டால் உண்மை வரும். உண்மை வந்த இடத்தில்தான் உதவி செய்ய இடம் உண்டு.

நாணம் என்பது மருந்தை விலக்கும் பெரும்பகை என்பதைத் தொழுநோய் நமக்குக் கற்பித்தது. கொல்லிமலையில், அங்கு வாழும் மலையாளி மக்களிடையே ஊழியம் செய்த பெற்றோர்க்கு 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளரின் கைகால்களைச் சீர்ப்படுத்தினார். சீர்ப்படுத்திய கையும் காலும் மீண்டும் புண்படுதல் கண்டு ஆராய்ந்தவர், நோயினும் வலியின்மையே உறுப்பைத் தின்கின்றது என்று உணர்ந்தார். வலி நமக்கு இயற்கை தந்த உழைச்செல்வான். அது போனபின் அதன் வேலையைச் சொல் செய்யவேண்டும். நாள்தோறும் பாதத்தைப் பார், மெத்தென்ற செருப்பை அணி என்று அறிவுரை கூறினர். அச்செருப்பு வேறு எவரும் அணியாத உருவினதாய் இருந்தவிடத்து, நோயை ஊரறியப் பறையறைந்ததாயிற்று. பலர் அதனை ஒதுக்கினர். காலைக் காக்க மானத்தை விடு என்றால் மனம் இசையாது. ஊரார் அணியும் செருப்பைப் போன்றதாகவே அதனைச் செய்துகொடுத்தல் வேண்டும் என்பது பின்னர்த் தெளிந்த உண்மை. மலையூரில் காசநோயாளியின் வாயிலில் வாரந்தோறும் ஆஸ்பத்திரி வண்டி நின்றால் விளைவதும் இதுவே.

வலிப்பு முதலிய நோய்களில் வேறொரு தடை உண்டு. அது தெய்வக் குற்றம் என்று கருதிக் குறி கேட்டுப் பூசையிடுவர். அங்கே சென்று அந்நம்பிக்கையை இடித்துரைப்பவர் வழக்கில் வென்று நோயாளியை இழப்பர். பூசையை அவர் விருப்பத்திற்கு விட்டு, மாத்திரையையும் உடன் நடத்துமாறு வேண்டுவதே பயன் தருவது. எமது கல்லூரி மரபினர் சிலர்க்கு இது கசக்கலாம். கசந்தாலும் இதுவே மருந்து.

நம்பிக்கை என்பது சொல்லால் மட்டும் வருவதன்று. ஜவ்வாது மலையின் மேற்கடியிலுள்ள திருப்பத்தூரில் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் ஆகிய இருவரும் பட்டம் பெற்ற வைத்தியர். கதருடுத்து எளிய வாழ்க்கையை மேற்கொண்டு அவர்கள் ஏழைகட்கு வைத்தியம் செய்தனர். தம்மைப்போல் தரையில் அமர்ந்து உண்பவர் சொல்லும் பத்தியம் காதில் ஏறுவதற்கும், மேசைக்கு அப்பாலிருந்து வருவது ஏறுவதற்கும் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டு அரசாங்கம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மருந்து வீடு தேடி வருகின்றது. மருந்தோடு வரும் அப்பெண்மணி வீட்டாரின் பெயரறிந்தவராயின் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மலையிலே இன்னும் தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகின்றது. விளைச்சல் முடிந்து ஆடவர் வேலை தேடி மலையிறங்கும் காலமே மருந்து அறுபடும் காலம். ஒப்பந்தக்காரர் அழைத்த இரவே அவர் புறப்பட்டுவிடுவார். மாத்திரை எரவாணத்திலேயே தங்கிவிடும். ஆகவே இம்மலையில் நெடுநாள் மருந்து கொடுப்பவர், முதல்நாளே, "அடுத்த வேலைக்கு எப்போது புறப்படுவீர்கள், எந்த ஊருக்கு, உடன் வருபவர் யார்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும், போகும் ஊரின் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, அச்சீட்டை அவரிடமும், அவரோடு செல்லும் மைத்துனரோ பங்காளியோ எவராயினும் அவரிடமும் ஒவ்வொன்றாகக் கொடுத்து, அம்மைத்துனரையும் ஒருமுறை பெஞ்சியில் உட்காரவைத்து இம்மருந்தைப் பற்றி அவர் வாயாலேயே சொல்லச் செய்து கேட்டனுப்புதல் வேண்டும்.